ஆடவல்லான் கல்லும் காந்திமதி யானையும்

உடைமைக்கும் வளர்க்கும் விலங்குக்கும் தெய்வத்தின் பெயரை வைக்கும் வழக்கம் தமிழகத்தில் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்வெட்டுச் சான்றுடன் தொடர்கிறது. எடைக்கல், மரக்கால், பொற்காசு, பீரங்கி, பாய்மரக் கப்பல், பஞ்சாலை, பட்டாசு, பசு, யானை என்று அது தொடாத பொருள் குறைவு. நெய்வேலியைச் சுற்றியுள்ள பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலேயே இதன் பழைய தடங்கள் கிடைக்கின்றன. சிதம்பரத்தில் ஆடும் இறைவனின் பெயரை ஒரு காலத்தில் எடைக்கல் தாங்கியது. ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கொண்ட பூவராகனின் பெயரைப் பொற்காசு தாங்கியது. காட்டுமன்னார்கோயில் வீரநாராயணப் பெருமாளின் பெயரை இன்றும் ஓர் ஏரி தாங்குகிறது. இன்று ஒரு கன்றுக்கு லட்சுமி என்று பெயரிடுவது பாசமாகவும் மங்கலமாகவும் மட்டுமே தோன்றுகிறது. தொடக்கத்தில் இந்தப் பெயரிடலுக்கு அதைவிடக் கறாரான வேலை இருந்தது. பொருள் யாருடையது, அதன் அளவு சரிதானா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அது விடை சொன்னது.

இதற்கு மிகத் தெளிவான சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரை அக்கோயிலுக்கு வழங்கிய பொன்னும் மணியும் விமானத்தின் அடித்தளத்தில் பட்டியலாக வெட்டப்பட்டுள்ளன. அந்தப் பட்டியல்களில் பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகள் பதித்த நகைகளை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். இரண்டும் அக்கோயிலிலேயே எழுந்தருளியிருந்த திருமேனிகளின் பெயர்கள். நெல் அளந்த மரக்காலும் ஆடவல்லான்தான். அது அரசனின் பட்டப்பெயர் கொண்ட இராசகேசரி மரக்காலுக்கு ஒத்தது என்பதையும் கல்வெட்டு சேர்த்தே சொல்கிறது.

இந்த ஒப்பீட்டில் சோழர் ஆட்சிமுறையின் நுட்பம் ஒன்று தெரிகிறது. இராசகேசரி என்பதும் பரகேசரி என்பதும் சோழ மன்னர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்ட பட்டங்கள். ஆகவே அரசன் பெயரிலான அளவு ஆட்சி மாறும்போது கேள்விக்கு உள்ளாகலாம். இறைவன் பெயரிலான அளவுக்கு அந்த நிலை இல்லை. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இழைத்து இழைத்து நிறுத்து, கோத்த சரட்டின் எடையை நீக்கி எழுதிய கணக்கர்களுக்குத் தெய்வப் பெயர் அலங்காரம் அன்று. கோயில் பண்டாரத்தில் குறைவு நேர்ந்தால் அது அந்தக் கல்லின் பெயருக்கே உரியவனிடம் செய்த களவாகும். நில அளவையிலும் இதே போக்கைக் காணலாம். இராசராசன் காலத்தில் நாடு முழுவதும் நிலம் அளக்கப்பட்டபோது பயன்பட்ட கோலை உலகளந்த கோல் என்று அழைத்தனர். மூவடியால் உலகை அளந்த திருமாலின் செயல் வரி அளவைக்குப் பெயராகி நின்றது.

உடைமை பற்றிய கேள்விக்கு விடை இன்னும் நேரடியானது. இடைக்காலத் தமிழகத்தில் சிவன் கோயிலின் சொத்துகள் சிவனடியாரான சண்டேசுவரரின் பெயரால் வாங்கப்பட்டன, விற்கப்பட்டன, குத்தகைக்கு விடப்பட்டன. சிவன் கோயில் நிலத்தின் எல்லையில் சூலம் பொறித்த கல்லும், திருமால் கோயில் நிலத்தின் எல்லையில் ஆழி பொறித்த கல்லும் நடப்பட்டன. நந்தா விளக்கு எரிக்க விடப்பட்ட ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். கிழ ஆடு செத்தாலும் குட்டி அதன் இடத்தை நிரப்பிவிடுவதால் மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஆடுகளுக்குத் தனித்தனிப் பெயர் இல்லை. மந்தை முழுவதற்கும் இறைவனே உரியவன், இடையன் பாதுகாவலன் மட்டுமே. பின்னாளில் கோயில் யானைக்கும் கோயில் காளைக்கும் தெய்வப் பெயர் இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு இந்த உரிமை முறையே அடித்தளம்.

அரசனும் ஆண்டவனும் ஒரே பெயரில் கலந்துவிடும் இடங்களும் உண்டு. முதலாம் பராந்தகனுக்கு (907–955) வீரநாராயணன் என்பது விருதுப்பெயர். அவன் காலத்தில் வெட்டப்பட்ட பேரேரி வீரநாராயணன் ஏரி எனப்பட்டது. அதன் அருகிலுள்ள ஊர் வீரநாராயணபுரம் ஆயிற்று, அங்கே எழுந்தருளிய பெருமாளும் வீரநாராயணரே. ஏரி மன்னன் பெயரைப் பெற்றதா, மாலவன் பெயரைப் பெற்றதா என்று பிரித்துக் கேட்பதே பொருந்தாது. அந்த இரண்டையும் ஒன்றாக்கத்தான் அந்த விருதைச் சூடினார்கள். மக்கள் நாவில் அது வீராணம் என்று சுருங்கியது. 2004 முதல் அதன் நீர் குழாய்வழியே சென்னைக்குப் போகிறது.

பொற்காசின் கதை வேறு திசையில் செல்கிறது. விசயநகர காலத்துப் பொற்காசு வராகன் எனப்பட்டது. பன்றி அவதாரத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் காசில் பிற்காலத்தில் வேறு தெய்வ உருவங்கள் வந்தபோதும் பெயர் மாறவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியும் இதைப் பின்பற்றியது. வேங்கடவனும் தேவியர் இருவரும் பொறித்த மூன்று சுவாமி வராகனைச் சென்னையில் அச்சிட்டது. கடல் கடந்து வந்த வணிகர்களுக்கு அந்தத் தெய்வத்தில் நம்பிக்கை இருந்திருக்காது. சந்தையில் நெசவாளியும் தானிய வியாபாரியும் எந்தக் காசைத் தயங்காமல் வாங்குவார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. 1818இல் வெள்ளி ரூபாய் சென்னை மாகாணத்தின் அடிப்படை நாணயமானபோது வராகன் புழக்கத்திலிருந்து விலகத் தொடங்கியது.

காப்புக்காகப் பெயரிட்டதற்குத் தஞ்சைக் கோட்டையின் கீழ்வாசலில் கிடக்கும் இராசகோபால பீரங்கி நல்ல உதாரணம். 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் ஆட்சியில் உருவானது அது. இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்து இணைத்துச் செய்தது, வார்ப்பு அன்று. நீளம் ஏழு மீட்டருக்கு மேல், எடை சுமார் 22 டன். மன்னார்குடி இராசகோபாலர் தஞ்சை நாயக்கர்கள் போற்றிய தெய்வம். ஊரைக் காக்க வேண்டிய ஆயுதத்துக்கு ஆநிரை காத்தவன் பெயர் கிடைத்தது. அது மேடேற்றி வைக்கப்பட்ட இடமே பீரங்கிமேடு என்று பெயர் பெற்றது.

கடலில் இந்த வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் ஆவணம் ஒன்று வியன்னாவில் உள்ளது. சேர நாட்டு முசிறியிலிருந்து எகிப்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற யவனக் கப்பல் ஒன்றைப் பற்றி அது பேசுகிறது. தந்தமும் கங்கைக்கரை நறுமணத் தைலப் பொருளும் ஏற்றிய அந்தக் கப்பலின் பெயர் ஹெர்மாபோலோன். ஹெர்மஸ், அப்போலோ என்ற இரு தெய்வங்களின் பெயரை இணைத்து வைத்தது அது. முசிறித் துறையில் பொன்னொடு வந்து கறியொடு திரும்பிய யவனர்கள் தங்கள் கடவுளரைக் கலத்தின் பெயராகவே கொண்டுவந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற பாய்மரக் கப்பல் இதே மரபில் வந்தது. அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் அதை வாங்கினார். அது பெருங்கடல்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் கிளாஸ்டர் துறைமுகத்தைச் சேர்ந்தது. புதிய உரிமையாளர் அதற்குத் தம் மனைவி புளோரன்சின் பெயரை வைத்தார். உரிமை கை மாறியதும் தெய்வத்தின் பெயர் இறங்கி மனிதரின் பெயர் ஏறியது. பெயரும் உடைமையும் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி தேவையில்லை.

20ஆம் நூற்றாண்டின் ஆலைகளுக்கும் அம்மன் பெயர்கள் வந்தன. மதுரையில் மீனாட்சி மில்லும் கோவையில் லட்சுமி மில்லும் அந்தந்த ஊரின் அடையாளங்கள் ஆயின. அரசு நடத்திய தொழிலகங்கள் இந்தப் பாதையில் செல்லவில்லை. நெய்வேலியே இதற்குச் சான்று. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கரிய பொருள் தென்பட்டது. 1956 நவம்பரில் அதை வெட்டியெடுக்க அரசு நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிப்பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் முதல் அனல்மின் அலகு இயங்கியது. ஜெர்மனியிலிருந்து வந்த இராட்சத வாளிச் சக்கர இயந்திரங்களுக்குத் தெய்வப் பெயர் சூட்டப்படவில்லை. 700 லிட்டர், 1400 லிட்டர் என்று வாளியின் கொள்ளளவே அவற்றின் பெயர். சுரங்கங்களுக்கும் எண், குடியிருப்பு வட்டங்களுக்கும் எண். புதிய குடியரசின் பொதுத்துறை எல்லாச் சமயத்தாருக்கும் உரியது என்பதால் இது சரியான முடிவே.

ஆனாலும் உழைப்பவர்களின் உள்ளத்தில் இயந்திரம் வெறும் எண்ணாக நிற்பதில்லை. ஆயுத பூசையன்று சந்தனமும் குங்குமமும் மாலையும் அதற்கும் உண்டு. சாலையில் ஓடும் லாரிகளின் நெற்றியில் குலதெய்வத்தின் பெயர் மின்னுகிறது. நகரியத்தின் நடராசர் கோயிலில் 10 அடிக்கு மேல் உயரமும் 2,420 கிலோ எடையும் கொண்ட ஐம்பொன் திருமேனி நிற்கிறது. அழகிய திருச்சிற்றம்பலமுடையான் என்பது அதன் திருநாமம். மக்கள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் மனுநீதி முறைப்பெட்டி ஒன்றும் அங்கே உள்ளது. எண்களால் அமைந்த நகரியத்தில் முறையிடுவதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

விற்பனைப் பொருளுக்குத் தெய்வப் பெயர் வந்தபோது சிக்கலும் வந்தது. சிவகாசியின் லட்சுமி வெடியை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. திருமகளின் படம் ஒட்டிய அந்த வெடி வெடித்ததும் படம் கிழிந்து தெருவில் சிதறும், காலில் மிதிபடும். பொன்னை நிறுத்த கல்லின் பெயரை அத்தனை கவனத்தோடு காத்த மரபுக்கு இது பெரும் சரிவு. தெய்வப் படம் அச்சிட்ட வெடிகளைத் தவிர்க்க வேண்டும் என்று எழும் கோரிக்கையில் நியாயம் உண்டு. பீடிக்கும் கணேசர் பெயர் கிடைத்திருக்கிறது. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், சமய உணர்வைப் புண்படுத்தும் சின்னங்களைப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. 2015இல் உச்ச நீதிமன்றம் இராமாயணம் என்ற பெயரை ஊதுபத்திக்கான தனியுரிமையாக ஒருவர் கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. தெய்வம் பொருளுக்கு உரிமையாளராக இருந்த நாட்டில், தெய்வத்தின் பெயருக்கு மனிதன் உரிமையாளனாக முடியுமா என்று நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது.

விலங்குகளில் தெய்வப் பெயர் எல்லாவற்றுக்கும் போவதில்லை. பசுவுக்கு லட்சுமி, காமாட்சி, கோமதி என்று வைக்கும் வீடுகளில் நாய்க்கு மணி, டைகர் என்றே பெரும்பாலும் பெயர் அமையும். பைரவரின் வாகனம் என்பதால் நாயைப் பைரவன் என்று சிலர் அழைப்பதுண்டு, அவ்வளவே. பசுவின் உடலில் திருமகள் உறைகிறாள் என்பது நம்பிக்கை. அதோடு, அதட்டித் துரத்த நேரும் விலங்குக்குத் தெய்வத்தின் பெயரை வைக்க நா கூசும். மகனை நாராயணா என்று கூப்பிட்டே கரையேறிய அசாமிளன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பெயர் சொல்லி அழைப்பதே வழிபாடு.

பசுக்களில் புகழ்பெற்றவள் திருவண்ணாமலை ரமணாசிரமத்து லட்சுமி. குடியாத்தம் அருகிலுள்ள குமாரமங்கலத்திலிருந்து 1926இல் கன்றாக வந்தவள். 1948 ஜூன் 18 அன்று ரமண மகரிஷி அருகிருக்க இறந்தாள். அவளுக்கு ஆசிரம வளாகத்தில் சமாதி எழுப்பப்பட்டது. அதற்கான தமிழ்ப் பாடலை மகரிஷியே இயற்றினார்.

கோயில் யானைகளில் பழைய உரிமை முறை அப்படியே தெரிகிறது. பல ஊர்களில் யானைக்கு அந்தந்தக் கோயில் அம்மனின் பெயரே வாய்க்கிறது. திருநெல்வேலியில் காந்திமதி, திருவானைக்காவலில் அகிலாண்டேசுவரி பெயரால் அகிலா, கும்பகோணத்தில் மங்களாம்பிகை பெயரால் மங்களம், மயிலாடுதுறையில் அபயாம்பாள், சங்கரன்கோவிலில் கோமதி. கேரளத்தில் குருவாயூரப்பனுக்கு 1922இல் அளிக்கப்பட்டு 1976இல் இறந்த கேசவனுக்கும் இறைவன் பெயரே. 2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி நடைப்பயிற்சியின்போது சரிந்து இறந்தாள். நகரமே தெருவில் திரண்டு அழுதது. 2025 சனவரியில் காந்திமதி மறைந்தபோது நெல்லையும் அவ்வாறே கலங்கியது.

இந்தப் பாசம் மெய்யானது. ஆனால் பெயர் யானையின் வாழ்வை எளிதாக்கிவிடவில்லை. காட்டில் கூட்டமாக வாழ வேண்டிய விலங்கு கருங்கல் தரையில் தனியே சங்கிலியில் நிற்கிறது. ஓய்வு தேவை என்பதை அரசே உணர்ந்து 2003இல் முதுமலையில் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் தொடங்கியது. 2024 நவம்பரில் திருச்செந்தூரில் முருகனின் துணைவி பெயர் கொண்ட தெய்வானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. அதற்கு முன்பே, 2023இல், லலிதா என்ற முதிய யானை தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஓர் உத்தரவு பிறப்பித்தது. கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானைகளைப் பெறாதபடி அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது அது. அதே ஆண்டு பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாடப்பிள்ளி கிருஷ்ணன் கோயில், இனி உயிருள்ள யானையை வைத்திருப்பதில்லை என்று முடிவெடுத்தது. அதன் பிறகு இரும்புச் சட்டமும் ரப்பர்த் தோலும் கொண்டு, மோட்டாரால் காதையும் தும்பிக்கையையும் அசைக்கும், சுமார் 800 கிலோ எடையுள்ள இயந்திர யானை ஒன்று அங்கே நடையில் நிறுத்தப்பட்டது. அதற்கு இராமன் என்று பெயர் வைத்தார்கள்.