'பிளாண்டேஷன்' – ஒரு சொல்லின் பொருள் வரலாறு

சொற்பொருள் மாற்றத்தைப் பொருள் விரிதல், பொருள் சுருங்குதல், உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என மொழியியலாளர் வகுத்துக் கூறுவர். இப்பாகுபாடு பயனுடையதே. ஆயின், ஒரு சொல் எக்காலத்தில், எவர் வாயிலே, எத்தேவையை ஒட்டிப் பொருள் மாறிற்று என்பதை அது உணர்த்துவதில்லை. அதனை உணர்த்த வல்லது வரலாறே. ஆங்கிலத்தில் வழங்கும் 'பிளாண்டேஷன்' என்னும் சொல் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். இன்று இலங்கையில் அச்சொல்லைக் கேட்போர் மனத்திலே தேயிலைச் செடிகள் நிறைந்த மலைச்சரிவும், தொழிற்சாலையும், லயன் வரிசைகளும் தோன்றும். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் அதே சொல்லைக் கேட்டோர் மனத்திலே தோன்றியவை பயிர்களல்ல. ஊர்விட்டு ஊர் கொண்டுசென்று குடியிருத்தப்பட்ட மனிதரே தோன்றினர்.

இச்சொல்லின் அடி இலத்தீன் மொழிக்குரியது. 'பிளாந்தா' என்பது அம்மொழியில் நடுதற்குரிய முளையையும் குறித்தது; உள்ளங்காலையும் குறித்தது. ஆங்கிலத்தில் 'பிளாண்டேஷன்' 15ஆம் நூற்றாண்டளவில் நடுதலாகிய தொழிலைக் குறிக்கும் பெயராக வழங்கத் தொடங்கியது. எதனை நடுவது என்பது அச்சொல்லிலே அடங்கியிருக்கவில்லை. பின்னர் நிகழ்ந்த மாற்றம் முழுவதும் நடப்படும் பொருள் யாது என்பதைப் பற்றியதே எனலாம்.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஆங்கில அரசு அயர்லாந்தில் ஒரு புதுமுறையைக் கையாளத் தொடங்கியது. அடங்காத ஐரிஷ் தலைவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்து, ஆங்கிலக் குடிகளைக் கொண்டுவந்து அங்கே குடியமர்த்துவதே அம்முறை. மேரி அரசியார் காலத்தில் மத்திய அயர்லாந்தில் இது சிறிய அளவில் முயலப்பட்டது. டெஸ்மண்ட் பிரபு 1583இல் கொல்லப்பட்ட பின்னர் மன்ஸ்ரர் மாகாணத்தில் அவர்தம் குடியினரின் பெருநிலம் அரசுடைமையாகியது. 1586 முதல் அது பங்கிடப்பட்டது. வோல்ட்டர் ராலி ஏறத்தாழ 42,000 ஏக்கரும், கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் ஏறத்தாழ 3,000 ஏக்கரும் பெற்றனர். 1580களில் அத்திலாந்திக்குக்கு அப்பால் உறோனோக் தீவில் ஆங்கிலக் குடியேற்றத்தை நிறுவ முயன்றவரும் இதே ராலிதான். அயர்லாந்தும் அமெரிக்காவும் அக்காலத்து ஆங்கிலேயருக்கு ஒரே முயற்சியின் இரு களங்களாகவே தோன்றின. இரண்டுக்கும் ஒரே சொல்லே போதுமானதாயிற்று.

இப்பொருளிலே சொல் முழுவலிமை பெற்றது அல்ஸ்ரரிலாகும். 1607இல் அம்மாகாணத்தின் ஐரிஷ் தலைவர்கள் ஐரோப்பாவுக்குத் தப்பிச் சென்றனர். 1609இல் முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அரசு ஆறு மாவட்டங்களின் நிலத்தை 1,000, 1,500, 2,000 ஏக்கர்ப் பங்குகளாக வகுத்துத் திட்டமொன்றை வெளியிட்டது. பங்கு பெற்றோர் ஒவ்வோர் 1,000 ஏக்கருக்கும் ஆங்கிலேயர் அல்லது தாழ்நில ஸ்கொத்லாந்தியருள் வளர்ந்த ஆடவர் 24 பேரைக் கொண்டுவந்து குடியமர்த்த வேண்டும். ஐரிஷ்காரரைக் குத்தகையாளராக வைத்திருத்தல் ஆகாது. இவ்வாறு பொறுப்பேற்றோர் 'அண்டர்டேக்கர்' எனப்பட்டனர். அச்சொல் பிற்காலத்தில் ஈமச்சடங்குக்குப் பொறுப்பேற்பவரைச் சுட்டுவதாயிற்று. அது வேறொரு வரலாறு. இலண்டன் மாநகர வணிகக் கழகங்களும் திட்டத்தில் ஈடுபடுத்தப்பட்டன. அதன் அடையாளமாகவே டெறி நகர் 1613இல் 'லண்டன்டெறி' ஆயிற்று. அந்நகரை எப்பெயரால் அழைப்பது என்பது வட அயர்லாந்தில் இன்றும் ஒருவரின் அரசியற் சார்பைக் காட்டுவதாகவே உள்ளது. 'பிளாண்டர்' என்பதும் அங்கே பயிர் செய்பவரைக் குறிப்பதன்று. வந்தேறிய புரட்டஸ்தாந்தரின் வழித்தோன்றலையே குறிக்கும். 1970இல் கவிஞர்களான யோன் ஹியூவிற், யோன் மொன்ரேகு ஆகிய இருவரும் 'பிளாண்டரும் கேலும்' என்னும் தலைப்பின்கீழ் ஊர்தோறும் சென்று கவிதை படித்தபோது, அத்தலைப்புக்கு அங்கே விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

பிரான்சிஸ் பேக்கன் 1625இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியிலே இச்சொல்லையே தலைப்பாகக் கொண்ட கட்டுரையொன்று உண்டு. நாடுகளில் மக்களைக் குடியமர்த்துவதைக் காடு வளர்ப்பதோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு ஆதாயம் எதிர்பார்த்தலாகாது என அவர் அறிவுறுத்தினார். பிறரை நடுவதற்காக முன்னிருந்தோரைப் பிடுங்கி எறியாத வெற்றுநிலமே இதற்கு ஏற்றது என்றும், அவ்வாறன்றாயின் அது நடுதலன்று, வேரறுத்தலே என்றும் அவர் கருதினார். அல்ஸ்ரர்த் திட்டத்தை ஆதரித்து மன்னருக்கு எழுதியவரும் இவரே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. உவமையின் உள்ளே மறைந்திருந்த வன்முறையை அவர் கண்டார்; கண்டும் அதனை அயர்லாந்துக்குப் பொருத்திப் பார்த்தாரல்லர்.

அமெரிக்காவிலும் சொல் முதலிற் குடியேற்றத்தையே குறித்தது. 1620இல் நிறுவப்பெற்ற பிளிமத் குடியேற்றத்தின் வரலாற்றை எழுதிய வில்லியம் பிராட்போர்ட் அதனைப் 'பிளிமத் பிளாண்டேஷன்' என்றே வழங்கினார். அங்கே கரும்புமில்லை, பருத்தியுமில்லை. றொஜர் வில்லியம்ஸ் 1636இல் மனச்சாட்சிச் சுதந்திரத்தை நாடி நிறுவிய ஊரும் 'பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸ்' எனப் பெயர் பெற்றது. 1696இல் இலண்டனில் அமைக்கப்பட்ட வணிக ஆணைக்குழு 'வணிகமும் பிளாண்டேஷன்களும்' பற்றியதாகும். குடியேற்ற நாடுகள் என்பதே அதன் கருத்து. 1740இல் பிரித்தானியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய 'பிளாண்டேஷன் சட்டம்' அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் ஏழாண்டு வாழ்ந்த வெளிநாட்டுப் புரட்டஸ்தாந்தருக்கும் யூதருக்கும் பிரித்தானியப் பிரசையுரிமை வழங்க வழிசெய்தது. கத்தோலிக்கருக்கு அதில் இடமில்லை. அடிமைகளைப் பற்றிய பேச்சே எழவில்லை.

ஆனால், 1740 அளவில் இச்சொல்லின் மையப்பொருள் வேறிடத்திலே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. 1627இல் ஆங்கிலேயர் குடியேறிய பார்படோஸ் தீவில் 1640களிலே கரும்புச்செய்கை பரவியது. வெட்டிய கரும்பை உடனே ஆலையிலிட வேண்டும். காலந்தாழ்த்தினால் சாறு புளித்துவிடும். எனவே வயலும் ஆலையும் காய்ச்சும் கொட்டிலும் ஓரிடத்தே அமைதல் வேண்டும். அறுவடைக் காலத்திலே இரவும் பகலும் வேலைவாங்கத்தக்க தொழிலாளர் கூட்டமொன்றும் அங்கேயே இருத்தல் வேண்டும். பண்ணையும் தொழிற்சாலையும் சிறையும் ஒன்றாய் இணைந்த இவ்வமைப்புக்கு ஆங்கிலத்திலே பெயரில்லை. குடியேற்றம் முழுவதையும் சுட்டிய சொல் அதனுள்ளேயுள்ள தனியுடைமையொன்றைச் சுட்டுமாறு சுருங்கியது. முதலில் ஒப்பந்தக் கூலிகளான ஏழை ஆங்கிலேயரும் ஐரிஷ்காரரும் அங்கே உழைத்தனர். 1649இன் பின்னர் குரொம்வெல்லின் படையெடுப்பில் அகப்பட்ட ஐரிஷ்காரர் பலர் அத்தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 'பார்படோஸ்' என்னும் தீவின் பெயரே நாடுகடத்துதல் என்னும் பொருளில் வினைச்சொல்லாக வழங்கியது. அயர்லாந்திலே 'பிளாண்டேஷன்' பிடுங்கியெறிந்த மனிதரைப் பார்படோஸின் 'பிளாண்டேஷன்' ஏற்றுக்கொண்டது. சிறிது காலத்தில் ஆபிரிக்க அடிமைகள் பெருந்தொகையினராகக் கொண்டுவரப்பட்டனர்.

இங்கே நிகழ்ந்ததைப் பொருட்சுருக்கம் என்று மட்டும் கூறி அமைதல் போதாது. 'நடுதல்' என்னும் வினைக்குச் செயப்படுபொருளாயிருந்த மக்கள் அவ்விடத்திலிருந்து நீங்க, கரும்பும் புகையிலையும் அவ்விடத்தைப் பெற்றன. முன்னைவிடப் பன்மடங்கு மக்கள் கடல் கடத்தப்பட்ட காலத்திலேதான் சொல்லிலிருந்து மக்கள் மறைந்தனர். அல்ஸ்ரரிலே நடப்பட்டவன் 'பிளாண்டர்'. பார்படோஸிலே நடுவிக்கும் உடைமையாளன் 'பிளாண்டர்'. உண்மையிலே மண்ணில் நட்ட கைகளுக்கு உரியவர் எக்காலத்திலும் அப்பெயரைப் பெற்றிலர். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பற்றி எழுதும் வரலாற்றாசிரியர் இருபது அடிமைகளையாவது உடையவரையே 'பிளாண்டர்' எனக் கொள்வதுண்டு. அவ்வளவுகோலிலே பயிருக்கே இடமில்லை.

இலங்கைக்கு இச்சொல் வந்தது மேற்கிந்தியத் தீவுகளின் பொருளோடுதான். தேசாதிபதி பாண்ஸ் 1820களிலே பேராதனைக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். 1837இல் வந்த ரைற்லர் என்பவர் யமேக்காவிற் கோப்பிச்செய்கை பயின்றவர். அவர் வழியாகவே மேற்கிந்திய முறை மலைநாட்டிற் பரவியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் நிலத்தை அரசின் கையிற் சேர்த்தது. தென்னிந்தியத் தமிழர் உழைப்பைத் தந்தனர். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து தோட்டங்கள் தளர்ந்த அதே காலத்தில் இலங்கையிற் கோப்பித் தோட்டங்கள் பெருகியமை தற்செயலன்று. 1854இல் 'பிளாண்டர்' சங்கம் தோன்றியது. அல்ஸ்ரரிற் போலவே இங்கும் இவர்களுட் பலர் ஸ்கொத்லாந்தியர். ஆயின் இவர்கள் குடியேறியவரல்லர்; பொருளீட்டி ஊர் திரும்பும் எண்ணத்தோடு வந்தவர். 1869இன் பின்னர் கோப்பியை இலைநோய் அழிக்க, ஜேம்ஸ் ரெயிலர் 1867இலேயே லூல்கந்துரையில் தோட்டப்பயிராகத் தொடங்கிய தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. கொய்த கொழுந்தும் கரும்பைப் போலக் காத்திராது. ஆகவே தொழிற்சாலை தோட்டத்துள்ளேயே அமைந்தது.

சொல்லின் பழைய பொருளையும் புதிய பொருளையும் அருகருகே வைத்து நோக்கின் ஒரு முரண் புலனாகும். 1740இன் சட்டப்படி 'பிளாண்டேஷனில்' ஏழாண்டு வாழ்தலே உரிமைக்கு வாயிலாயிற்று. இலங்கையிலே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டங்களில் வாழ்ந்த தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு வதிவையே நிபந்தனையாக்கியது. ஆயின் அதனை எழுத்துச் சான்றுகளால் நிறுவுதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாக லயன் அறைகளிற் பிறந்து இறந்தோரிடம் அத்தகைய சான்றுகள் இருத்தல் அரிது. விண்ணப்பங்கள் ஏறத்தாழ 8 இலட்சம் பேரைத் தழுவின. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரின் விடயம் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் கடந்து 2003ஆம் ஆண்டுவரை சட்டமன்றத்திலே இழுபட்டது.

20ஆம் நூற்றாண்டில் இச்சொல் ஆய்வாளர் கைக்கு வந்தது. 1932இல் எட்கர் தொம்சன் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வேட்டிலே 'பிளாண்டேஷனை' ஒரு சமூக நிறுவனமாக நோக்கினார். யமேக்காவைச் சேர்ந்த ஜோர்ஜ் பெக்போர்ட் 1972இல் வறுமையின் நிலைபேற்றுக்கு அதனைக் காரணமாகக் காட்டினார். இலங்கையரான எஸ். பி. டி. டி சில்வா 1982இல் வெளியிட்ட நூலிலே குடியேறிகள் வாழும் நாட்டுக்கும் குடியேறாத முதலாளர் சுரண்டும் நாட்டுக்குமிடையேயுள்ள வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தார். 17ஆம் நூற்றாண்டில் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த இரு பொருள்கள் அவரால் மீண்டும் எதிரெதிரே நிறுத்தப்பட்டன எனலாம்.

தமிழில் அவ்விரு பொருள்களுக்கும் இரு சொற்கள் உள: குடியேற்றம், பெருந்தோட்டம். இலங்கையின் அண்மைக்கால வரலாற்றில் இரண்டுமே எளிதாய்க் கடந்து செல்லத்தக்க சொற்களல்ல. யாழ்ப்பாணத்திலே தோட்டம் என்பது கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவிக்கும் நிலம். அங்கே தோட்டக்காரன் தன் நிலத்துக்குத் தானே உரியவன். மலைநாட்டிலே தோட்டம் என்பது கம்பனியின் நிலம். இவ்வேறுபாட்டைக் காட்டவே கல்வியுலகிற் 'பெரு' என்னும் அடை முன்னே சேர்க்கப்பட்டது. 'தோட்டக்காட்டான்' என்னும் வசைச்சொல்லுக்கு அத்தகைய அடை எதுவும் தேவைப்படவில்லை. அவ்வசைக்கு எதிராகவே அம்மக்கள் 'மலையகத் தமிழர்' என்னும் பெயரைத் தமக்கெனத் தெரிந்துகொண்டனர்.

றொஜர் வில்லியம்ஸின் ஊர் பின்னர் இணைந்த மாநிலத்தின் முழுப்பெயர் 'றோட் ஐலண்டும் பிராவிடன்ஸ் பிளாண்டேஷன்ஸும்' என்பதாகவே நெடுங்காலம் இருந்தது. அடிமைமுறையை நினைவூட்டும் பிற்பகுதியை நீக்குதல் வேண்டும் எனக் கோரிக்கை எழுந்தபோது, அது குடியேற்றத்தை மட்டுமே குறிக்கும் பழஞ்சொல் எனப் பலர் வாதிட்டனர். சொல்லின் தோற்றத்தைப் பொறுத்தவரை அவ்வாதம் சரியே. ஆனால் அம்மாநிலத்தின் வணிகர்கள் அடிமை வியாபாரத்திலே முன்னின்றனர் என்பதும், அதன் தென்பகுதியில் 18ஆம் நூற்றாண்டில் அடிமைகள் உழைத்த பண்ணைகள் இருந்தன என்பதும் உண்மையே. 2010இல் நடைபெற்ற வாக்கெடுப்பில் மாற்றம் பெருவாரியாக நிராகரிக்கப்பட்டது. 2020 நவம்பரில் மீண்டும் வாக்கெடுத்தபோது பெரும்பான்மையோர் அதனை ஏற்றனர், சொல் நீங்கியது. மெயின் மாநிலத்திலோ, மக்கள்தொகை குறைந்த சில ஊராட்சி அலகுகள் 'பிளாண்டேஷன்' என்னும் பெயரோடே இன்றும் உள்ளன. அவற்றின் பெயரை மாற்றுமாறு கோரிய இயக்கமெதுவும் பெரிதாக எழவில்லை.