அவசர கருத்தடை மாத்திரையும் குழாய் கர்ப்பமும்: ஒரு சந்தேகத்தின் வரலாறு

1/ "அவசர கருத்தடை மாத்திரை போட்டா கரு டியூப்ல தங்கிடுமாமே டாக்டர்?" ஓபியில் அடிக்கடி வர்ற கேள்வி. இந்த சந்தேகம் எங்கிருந்து வந்துச்சு, எப்படி சோதிச்சாங்கன்னு பார்ப்போம்.

2/ கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்குறதுதான் எக்டோபிக். கருப்பை மாதிரி குழாய் விரிஞ்சு கொடுக்காது. வெடிச்சா வயித்துக்குள்ளயே ரத்தம் கொட்டும். 1883ல் பர்மிங்காமில் லாசன் டெய்ட் ஆபரேஷன் பண்ணி ஒரு பெண்ணைக் காப்பாத்தினார். அதுக்கு முன்னாடி குழாய் வெடிச்சா பெரும்பாலும் மரணம்தான்.

3/ 1974ல் கனடா டாக்டர் ஆல்பர்ட் யூஸ்பே, ரெண்டு ஹார்மோன் சேர்ந்த மாத்திரையை அவசர கருத்தடையா கொடுத்துப் பார்த்தார். வேலை செஞ்சது, ஆனா வாந்தி அதிகம். 1998ல் உலக சுகாதார நிறுவனம் கிட்டத்தட்ட 2,000 பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தது. யூஸ்பே முறையில் 3.2% பேர் கர்ப்பமானாங்க. லெவோநார்ஜெஸ்ட்ரல் மட்டும் போட்டவங்களில் 1.1% தான். இன்னிக்கு மெடிக்கல் ஷாப்பில் பரவலா இருக்கிறது இதுதான்.

4/ 2001ல் பிரிட்டனில் டாக்டர் சீட்டு இல்லாமலே இதை விற்க ஆரம்பிச்சாங்க. 2003 ஜனவரியில் ஒரு எச்சரிக்கை வந்தது: மாத்திரை பலிக்காமல் கர்ப்பமானதா பதிவான 201 பேரில் 12 பேருக்கு எக்டோபிக். கிட்டத்தட்ட 6%. வழக்கமா 100 கர்ப்பத்தில் 1 அல்லது 2 தான் அப்படி இருக்கும்.

5/ பயத்துக்குக் காரணமும் இருந்தது. புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் குழாயின் அசைவைக் குறைக்கலாம். அப்போ கரு பாதி வழியில் நின்னுடுமோன்னு கவலை.

6/ ஆனா அந்த 201 எப்படி வந்தது? பிரச்சனைன்னு டாக்டர்கள் தாமா எழுதி அனுப்பினது. மாத்திரை பலிக்காம சாதாரணமா கர்ப்பமானவங்களைப் பத்தி யாரு எழுதுவா? ஆபத்தானது மட்டும் பதிவானா சதவீதம் ஏறத்தான் செய்யும்.

7/ 2010ல் 136 ஆய்வுகளைச் சேர்த்து எண்ணினாங்க. மாத்திரை போட்ட எல்லாரையும் பின்தொடர்ந்த ஆய்வுகள் இவை. லெவோநார்ஜெஸ்ட்ரல் பலிக்காத 307 கர்ப்பங்களில் எக்டோபிக் 3. அதாவது 1%, வழக்கமான அளவுதான்.

8/ கதை அதோட முடியல. 2015ல் ஷாங்காய் ஆய்வில், அதே மாதம் மாத்திரை பலிக்காம கர்ப்பமானவங்களில் எக்டோபிக் பங்கு அதிகமா தெரிஞ்சது. முன்பு எப்போதோ போட்டவங்களுக்கு அப்படி இல்ல. இன்னொரு விஷயம்: மாத்திரை மொத்த கர்ப்பத்தையே குறைக்குது. ஒருமுறை போட்டா குழாய் கெட்டுப்போகும்னு பயப்பட வேண்டாம்.

9/ உண்மையிலேயே கவனிக்க வேண்டியவங்க: ஏற்கனவே எக்டோபிக் ஆனவங்க, இடுப்புப் பகுதி தொற்று வந்தவங்க, குழாயில் ஆபரேஷன் ஆனவங்க (குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் சேர்த்து), காப்பர் டி இருக்கும்போதே கர்ப்பமானவங்க, குழந்தையின்மை சிகிச்சையில் இருக்கிறவங்க, புகைபிடிக்கிறவங்க.

10/ உயிரைப் பறிக்கிறது மாத்திரை இல்ல, தாமதம். மாத்திரைக்கு அப்புறம் லேசா ரத்தம் பட்டதும் "பீரியட்ஸ் வந்துடுச்சு"ன்னு விட்டுடறாங்க. பீரியட்ஸ் 7 நாள் தள்ளிப்போனாலோ, வழக்கத்தை விட கம்மியா வந்தாலோ யூரின் டெஸ்ட் பண்ணுங்க. பாசிட்டிவ்னா ஸ்கேன். அடிவயிறு ஒரு பக்கமா வலி, தலைசுற்றல், தோள்பட்டை வலி இருந்தா காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. மயக்கம் வந்தா 108. மாத்திரை போட்டதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. திட்டுவாங்களோன்னு பயந்து மறைச்சா, எங்களுக்கு எக்டோபிக் சந்தேகம் வரவே நேரமாகிடும்.