ஆஸ்திரேலியப் புயல் பருவம்

ஆஸ்திரேலியாவைச் சூழ்ந்த கடல்களில் வெப்பமண்டலப் புயல்கள் தோன்றும் காலமே ஆஸ்திரேலியப் புயல் பருவம். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை என்று அந்நாட்டு வானிலைத் துறை வகுத்திருக்கிறது. கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகையிலிருந்து 160 பாகை வரையுள்ள கடற்பரப்பு இந்த வரையறையில் அடங்கும். பருவத்துக்கு ஏறத்தாழப் பத்துப் புயல்கள் உருவாகும். சுமார் நான்கு கரையைக் கடக்கும். வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும், ஆஸ்திரேலியப் புயல் வலஞ்சுழியாகச் சுற்றும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே புவிச்சுழற்சியின் விசை எதிர்ப்பக்கம் திருப்புவதே காரணம்.

தமிழர் மிகுதியாக வாழும் சிட்னியும் மெல்பர்னும் இந்தப் புயல்களின் பாதைக்கு வெகு தெற்கே இருக்கின்றன. சிட்னியை அவ்வப்போது உலுக்கும் 'கிழக்குக் கரைத் தாழ்வு' வேறு வகை. குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதுவதால் விளைவது. மெல்பர்னில் இருப்பது வானிலைத் துறையின் தலைமையகம்.

வெள்ளையர் குடியேறுவதற்கு முந்திய புயல்களுக்கு எழுத்துச் சான்று இல்லை. குயின்ஸ்லாந்துத் தீவுகளில் அலை வீசியெறிந்த பவளத் துண்டுகள் குவிந்து கிடக்கும் மேடுகளே சாட்சி.

பெயர் சொல்லக்கூடிய வரலாறு கிளெமென்ட் ராக் என்பவரிடம் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பிறந்தவர். 1881-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் நாள்தோறும் ஏறிச்சென்று வானிலை அளவுகளைக் குறித்துவந்தவர். 1887 முதல் குயின்ஸ்லாந்து அரசின் வானிலையாளராக இருந்தபோது புயல்களுக்குப் பெயர் சூட்டத் தொடங்கினார். முதலில் கிரேக்க எழுத்துகள், பிறகு பசிபிக் தீவுகளின் புராணப் பெயர்கள், அதன்பின் அரசியல்வாதிகளின் பெயர்கள். பருவப் புயல்களுக்கு முறையாகப் பெயர் வைத்த முதல் மனிதர் இவர்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1902-ல், வறட்சியில் வாடிய சார்ல்வில் என்ற ஊரில், வானத்தை நோக்கிப் பீரங்கிகளைச் சுட்டு மழை வரவழைக்கவும் முயன்றார், மழை வரவில்லை. ஆறு குடியேற்றங்களும் ஒரே நாடான பின் அமைந்த கூட்டரசு வானிலைத் துறையின் தலைமை ஹென்றி ஹன்ட் என்பவருக்குப் போனது. 1908 ஜனவரி 1 அன்று மெல்பர்னில் துறை பணியைத் தொடங்கியது. பெயர் சூட்டும் வழக்கமும் ராக்கோடு நின்றுபோனது.

அவர் சூட்டிய பெயர்களில் நிலைத்தது மஹீனா. 1899 மார்ச்சில் கேப் யார்க் தீபகற்பத்தின் பாதர்ஸ்ட் விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த முத்துக்குளிப்புப் படகுகளை அது விழுங்கியது. மாண்டவர்கள் முந்நூறுக்கு மேல்; நானூறைத் தாண்டும் என்போரும் உண்டு. கரையில் இறந்த பழங்குடியினரை யாரும் முறையாக எண்ணவில்லை. கடல் நீர் 13 மீட்டர் உயரம் ஏறியதாகச் சொல்லப்படுவது, மேட்டில் கூடாரமடித்திருந்த காவலர் ஒருவரின் குறிப்பை ஒட்டியது. 2000-ல் அங்கே மண்படிவுகளைச் சோதித்தவர்கள் அவ்வளவு உயரத்துக்குத் தடயமில்லை என்றார்கள். பின்னர் கணினி மாதிரிகளைக் கொண்டு, அலையேற்றத்தையும் சேர்த்தால் அது நடக்கக்கூடியதே என்று மற்றோர் ஆய்வு சொன்னது. வழக்கு முடியவில்லை.

1911 மார்ச்சில் மெல்பர்னிலிருந்து வடக்கே புறப்பட்ட யொங்காலா என்ற பயணிக் கப்பல் மெக்கே துறைமுகத்தைத் தாண்டியதும் மறைந்தது. அதில் கம்பியில்லாத் தந்தி இல்லை. புயல் எச்சரிக்கை மெக்கேக்கு வந்தபோது கப்பல் கிளம்பிவிட்டது. 122 பேரில் ஒருவரும் மீளவில்லை. கப்பலில் ஏற்றியிருந்த மூன்ஷைன் என்னும் பந்தயக் குதிரையின் உடல் மட்டும் டவுன்ஸ்வில் அருகே கரையொதுங்கியது. சிதைவு அடையாளம் காணப்பட 1958 வரை ஆயிற்று. 1918-ல் குயின்ஸ்லாந்து ஊர்களான மெக்கேயும் இன்னிஸ்ஃபெயிலும் அடுத்தடுத்துப் புயல்களில் அழிந்தன.

பெயர் சூட்டும் முறை 1964 ஜனவரியில் பெஸ்ஸி என்ற புயலோடு திரும்பியது. அதே ஆண்டு டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப் பெயர் கிடையாது. நாம் இன்றும் அதை ஊர்ப்பெயரால்தான் சொல்கிறோம். பத்தாண்டு கழித்து, கிறிஸ்துமஸ் இரவில், ஆஸ்திரேலியாவுக்கு அதன் தனுஷ்கோடி வந்தது.

ட்ரேசி. 1974 டிசம்பர் 20 வாக்கில் அரஃபூரா கடலில் தாழ்வுநிலையாகத் தோன்றி, மறுநாள் பெயர் பெற்றது. மாதத் தொடக்கத்தில் செல்மா என்ற புயல் வடகரை நகரான டார்வினுக்கு அச்சம் காட்டிவிட்டு விலகியிருந்ததால், இதுவும் போய்விடும் என்று பலர் பண்டிகை வேலைகளில் இருந்தார்கள். 24-ஆம் தேதி பாதர்ஸ்ட் தீவின் மேற்கு முனையைச் சுற்றித் திரும்பி, நேராக நகரை நோக்கி வந்தது. உருவத்தில் மிகச் சிறிய புயல். கடுங்காற்று வீசிய பரப்பு மையத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். நள்ளிரவுக்குப் பின் விமான நிலையக் காற்றுமானி மணிக்கு 217 கிலோமீட்டர் காட்டிவிட்டு உடைந்தது. உச்சக் காற்றை அளக்கக் கருவி மிஞ்சவில்லை.

விடிந்தபோது ஊரில் குடியிருக்கத் தக்க வீடு அரிது. 47,000 பேர் கொண்ட நகரில் 40,000-க்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். மீட்புப் பணிக்கு மேஜர் ஜெனரல் ஆலன் ஸ்ட்ரெட்டன் பொறுப்பேற்றார். சில நாட்களில் 25,000-க்கு மேற்பட்டோர் விமானங்களில் தெற்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். சிட்னியிலிருந்து கடற்படைக் கப்பல்கள் உதவிக்கு விரைந்தன. இறந்தோர் எண்ணிக்கை நெடுங்காலம் 71 என்றே எழுதப்பட்டது. இப்போது 66 என்கிறார்கள். கடலில் காணாமற்போனவர்களைக் கணக்கிடுவதில்தான் சிக்கல். கூரை பிடுங்கிக்கொண்டு போனதை ஆராய்ந்த பொறியாளர்களால் கட்டட விதிகள் மாறின; 1977-ல் டவுன்ஸ்வில்லின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் தோன்றியது.

அந்த இரவின் ஓசையைத் தேவாலய குரு டெட் காலின்ஸ் ஒலிநாடாவில் பதிந்தார். டார்வின் அருங்காட்சியகத்தில் ஓர் இருட்டறையில் அதை இன்றும் கேட்கலாம். தகரம் தகரத்தில் உராயும் ஓலம். காற்றென்று சொன்னால் நம்ப முடியாது. அறிக்கைகள் எல்லாவற்றையும்விட அந்த நாடா அதிகம் சொல்கிறது.

1975-ல், அனைத்துலக மகளிர் ஆண்டில், பெண் பெயர்களோடு ஆண் பெயர்களையும் சேர்க்க அறிவியல் அமைச்சர் பில் மோரிசன் உத்தரவிட்டார். ட்ரேசி என்ற பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

1996 ஏப்ரல் 10 அன்று ஒலிவியா புயலில் பாரோ தீவின் கருவி மணிக்கு 408 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பதிந்தது. உலக வானிலை அமைப்பு அதை ஏற்க 2010 ஆனது. 2006-ல் லேரி இன்னிஸ்ஃபெயில் வாழைத் தோட்டங்களைச் சாய்க்க, சிட்னி, மெல்பர்ன் கடைகளில் வாழைப்பழம் மாதக்கணக்கில் எட்டாக்கனியானது. 2025 மார்ச் 8 அன்று ஆல்ஃபிரட் வலுவிழந்து பிரிஸ்பேனுக்கு வடக்கே கரையேறியது. வெள்ளம் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதி வரை பரவியது. பட்டியலில் அந்தப் புயலுக்கு முதலில் இருந்த பெயர் ஆந்தனி. பிரதமர் ஆந்தனி ஆல்பனீஸின் பெயரோடு குழப்பம் வரக்கூடாதென்று அது மாற்றப்பட்டது.