ஆர்க் மோட்: கடினமெனப் பெயரெடுத்த ஒரு குறிப்பேட்டின் வரலாறு

பழகத் தொடங்கிய வேகத்திலேயே பலர் கைவிட்டுவிடும் குறிப்பெடுப்பு மென்பொருள்களுள் ஒன்றான ஆர்க் மோட், அதைப் போலவே கடினமாயிருந்த வேறொரு கருவியைக் கைவிட மனமின்றி ஒருவர் திருத்தியமைத்ததால் பிறந்தது என்பது பரவலாக அறியப்படாத செய்தி. அது தனித்து இயங்குவதன்று. ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்திக்குள், அதாவது எழுத்தை உள்ளிடவும் திருத்தவும் உதவும் நிரலுக்குள், ஒரு பகுதியாக இயங்குவது. ஆகவே அதன் கடினத்துக்கான காரணத்தை ஈமாக்ஸின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், டெக்கோ என்ற பழைய திருத்திக்கென எழுதப்பட்ட மேக்ரோக்களின் (பல கட்டளைகளை ஒன்றாகக் கோத்த தொடர்களின்) தொகுப்பாக, ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் ஆகியோரின் உழைப்பில் ஈமாக்ஸ் உருப்பெற்றது. ஸ்டால்மன் புதிதாக எழுதிய குனு ஈமாக்ஸ் 1985இல் வெளிவந்தது. கண்ட்ரோல் விசையுடன் 'சி'யை அழுத்தினால் நகலெடுக்கும் என்ற வழக்கம் தனிக்கணினிகளில் வேரூன்றுவதற்கு முன்பே ஈமாக்ஸின் விசைமுறை நிலைபெற்றுவிட்டதால், அங்கு அதே இணைப்பு வேறொரு கட்டளையின் தொடக்கமாக அமைந்தது. புதியவரைத் திகைக்க வைப்பது இந்த வயது வேறுபாடே. இதை வடிவமைப்பாளரின் அலட்சியமாகக் கொள்வது பிழை.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக வானியலாளரான கார்ஸ்டன் டோமினிக், 2003இல் தம் குறிப்புகளையும் பணித்திட்டங்களையும் ஈமாக்ஸிலேயே ஒழுங்குபடுத்த முயன்றார். தலைப்பு, உள்தலைப்பு எனக் கிளைபிரியும் குறிப்புகளுக்கென அதில் 'அவுட்லைன் மோட்' முன்பே இருந்தது. ஆனால் கிளைகளை மறைக்கவும் காட்டவும் மட்டுமே, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று விசைகள் கொண்ட 11 கட்டளைகளை மனத்தில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதை ஏற்க மறுத்த டோமினிக், அந்த வேலையை டேப் விசை ஒன்றிடம் ஒப்படைத்தார். நட்சத்திரக் குறியிட்டுத் தொடங்கும் தலைப்பு வரியில் டேப்பை ஒருமுறை அழுத்தினால் உள்தலைப்புகள் தெரியும், மறுமுறை அழுத்தினால் முழு உரையும் விரியும், மூன்றாம் முறை அனைத்தும் மடங்கும். ஆர்க் மோடின் ஏனைய வசதிகளெல்லாம் இந்த எளிமையின் மேல் எழுந்தவையே.

2007இல் வெளியான ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பிலேயே ஆர்க் மோட் இணைக்கப்பட்டுவிட்டது. பின்னர் எரிக் ஷுல்ட், டான் டேவிசன் ஆகியோர் உருவாக்கிய 'பேபல்' பகுதி, குறிப்புக்குள்ளேயே நிரலை எழுதி இயக்கவும் விளைவை அங்கேயே பதியவும் வழிசெய்ததால், ஆய்வாளர் தம் கணக்கீட்டையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள முடிந்தது.

தமிழில் எழுதுவோருக்கு 2020 ஆகஸ்டில் வந்த ஈமாக்ஸ் 27ஆம் பதிப்பு முக்கியமானது. எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் நூலகம் அதில்தான் சேர்க்கப்பட்டது. ஆர்க் மோடில் செய்ய வேண்டியது, முடிந்தது என்பவற்றைக் குறிக்கும் சொற்களையும் தமிழிலேயே அமைத்துக்கொள்ளலாம். கோப்பு முழுவதும் வெற்றுரையாகவே, அதாவது எந்தத் திருத்தியிலும் திறக்கக்கூடிய எழுத்துகளாகவே சேமிக்கப்படுவதால், இந்த மென்பொருளே இல்லாத கணினியிலும் குறிப்புகளைப் படிக்க முடியும்.

ஒருமுறை முயன்று விலகியவர் மீண்டும் தொடங்கும்போது கையேட்டை முழுமையாகக் கற்க வேண்டியதில்லை. நட்சத்திரக் குறியும் டேப் விசையும் கைக்குப் பழகும்வரை மற்றவற்றைத் தொடாதிருப்பதே நல்லது.