பொறி விழும் நேரம்

கிருஷ்ணகிரியிலிருந்து செங்கம், செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகிற நெடுஞ்சாலையும், வேலூரிலிருந்து போளூர் வழியாக விழுப்புரம் போகிற நெடுஞ்சாலையும் திருவண்ணாமலையில் சந்திக்கின்றன. பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலத்துக்காகச் சென்னை, பெங்களூரு வண்டிகள் இந்தச் சாலைகளில் வரிசை கட்டும். இரண்டு ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்டம். அதுவரை நன்றாக வந்த வண்டி, ஊர் எல்லையில் நெரிசலில் சிக்கி, ஏசி ஓட, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துகொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் இஞ்சின் படம் எரியும். மெக்கானிக் ஷெட்டில் ஸ்கேனரைச் செருகினால் ஓர் எண் வரும்: பி0016. அழித்தால் போய்விடும். ஊர் திரும்பிய சில நாட்களில் அதே எண் மறுபடி வந்து நிற்கும்.

இந்த எண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. இஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நிற்கின்றன என்று மட்டுமே சொல்கிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் பிணைப்பது டைமிங் செயின் அல்லது பெல்ட். கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலைக் கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் வெளிவரும் அந்தச் சில நிமிடத்தில் கீழே விளக்கேற, 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரை பற்றிக்கொள்ளும். கிராங்குக்கும் கேமுக்கும் அப்படியொரு ஒத்திசைவு வேண்டும், அதுவும் 3,000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 50 சுற்று என்ற வேகத்தில். அந்த வேகத்தில் கிராங்க் ஒரு டிகிரி நகர ஆகும் நேரம் வினாடியில் 18,000இல் ஒரு பங்கு.

அந்த ஒத்திசைவையும், அதையொட்டிப் பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தையும் காக்கும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அது எப்படிக் கை மாறியது என்பதுதான் கார் மெக்கானிக் தொழிலின் வரலாறு.

சென்னை மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய சிம்சன் கம்பெனியில், சாமுவேல் ஜான் கிரீன் 1903 வாக்கில் ஒரு நீராவிக் காரை உருவாக்கினார். நீராவிக்குத் தீப்பொறி தேவையில்லை, ஆகவே பொறி எப்போது விழ வேண்டும் என்ற கேள்வியும் அதில் எழவில்லை. பெட்ரோல் கார் வந்த பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது. முதலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் டிரைவர். 1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஒரு லீவர் இருக்கும். வண்டியைக் கிளப்பும்போது அதை மேலே தள்ளிப் பொறியைத் தாமதப்படுத்த வேண்டும், வேகம் எடுத்ததும் கீழே இழுத்து முன்கூட்டியே விழ வைக்க வேண்டும். மேலே தள்ள மறந்து ஹேண்டில் போட்டவர்களின் மணிக்கட்டை இஞ்சின் திருப்பி அடித்து முறித்தது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912 மாடல் கேடிலாக்கில் வந்து அந்த ஆபத்தைத் தீர்த்தது. பிறகு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப விரியும் இரண்டு சிறு எடைக்கற்களும், இஞ்சின் உறிஞ்சும் காற்றால் அசையும் ஒரு டயஃப்ரமும் சேர்ந்து லீவரின் வேலையை வாங்கிக்கொண்டன.

டிரைவரின் கையிலிருந்து டைமிங் போனது. போய்ச் சேர்ந்த இடம் மெக்கானிக்கின் கை.

சுதந்திரத்துக்குப் பின் தமிழ்நாட்டுச் சாலைகளை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆண்டவை அம்பாசடரும், ஃபியட் என்றே எல்லோரும் சொன்ன பிரீமியர் பத்மினியும், 1961இலிருந்து வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும். 1960களின் தொடக்கத்தில் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் ஆலை வந்தபின் டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் என்று மின்சாமான்கள் உள்ளூரிலேயே கிடைத்தன. சின்ன ஊர்ப் பட்டறைக்கும் இது பெரிய விஷயம். பாயிண்ட் செட், கண்டென்சர், ரோட்டர் மூன்றும் கைவசம் இருந்தால் பாதி வண்டிகளைக் கிளப்பிவிடலாம்.

அம்பாசடருக்கு டைமிங் வைக்கும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒன்றாம் நம்பர் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வார் மெக்கானிக். பையன் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றுவான். காற்று விரலைத் தள்ளினால் கம்ப்ரஷன் வருகிறது என்று பொருள். அங்கிருந்து புல்லியில் உள்ள குறியைப் பார்த்து நிறுத்த வேண்டும். பாயிண்ட்டின் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்துக்கு 14 முதல் 16 பங்கு. ஃபீலர் கேஜ் இல்லாத இடத்தில் கைப்பழக்கமே அளவு. பொறி விழுவது பாயிண்ட் திறக்கும் கணத்தில்; அதைப் பிடிக்க ஒரு 12 வோல்ட் பல்பு போதும். அதுவும் இல்லையென்றால் சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தைப் பாயிண்ட் நடுவே வைத்து லேசாக இழுத்துப் பிடிப்பார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பும்போது காகிதம் எங்கே நழுவுகிறதோ அங்கே பொறி. பிறகு ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் ஒயரை மாட்டி, வண்டியை மேட்டில் ஏற்றிக் காது கொடுத்துக் கேட்பார்கள். 'டக்டக்' என்று நாக்கிங் கேட்டால் கொஞ்சம் ரிட்டார்ட், பிக்கப் இல்லையென்றால் கொஞ்சம் அட்வான்ஸ். அன்றைய பெட்ரோலின் ஆக்டேன் குறைவு, நாக்கிங் எளிதில் வரும். ஆகவே புத்தகத்தில் உள்ள அளவைவிட மேட்டில் கேட்ட சத்தமே கடைசித் தீர்ப்பாக இருந்தது. மதிக்கத்தக்க அறிவு அது. எழுதி வைக்கப்படாததால் அதைத் தேர்ச்சி என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பர் 30ஆம் தேதி. அப்போது மாருதி 800 சாலைக்கு வந்து ஆறு ஆண்டு ஆகப் போகிறது. 796 சிசி இஞ்சின், உள்ளே செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட். செயின் தேய்ந்தால் முன்னாலேயே சத்தம் கொடுக்கும். பெல்ட் சொல்லாமல் அறுந்துவிடும். கிலோமீட்டர் கணக்கு வைத்து மாற்ற வேண்டும் என்ற பழக்கம் அப்போதுதான் ஷெட்டுகளுக்குப் புதிதாக வந்தது. மாட்டும்போது ஒரு பல் தவறினால் என்ன ஆகும் என்பதும் அனுபவத்தில் தெரிந்தது. கிராங்க் சக்கரத்தில் 20 பல் இருந்தால் ஒரு பல் என்பது 18 டிகிரி. வண்டி கிளம்பும், ஓடும், ஆனால் இழுக்காது.

2000ஆம் ஆண்டில் புகைக் கட்டுப்பாடு நாடு முழுவதும் இறுகியது. கார்புரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் மெல்ல மறைந்தது. கிராங்க் அருகே ஒரு சென்சார், கேம் அருகே ஒரு சென்சார், இரண்டையும் கேட்டுப் பொறியை முடிவுசெய்யும் கம்ப்யூட்டர். திருப்பிப் பார்க்க மெக்கானிக்குக் குமிழே இல்லை. அப்போது மெக்கானிக்கின் கையிலிருந்தும் டைமிங் நழுவியது.

எண்களின் கதை கலிபோர்னியாவில் தொடங்குகிறது. அங்குள்ள காற்று வாரியம் 1988 மாடல் முதல், வண்டி தன் புகைக் கோளாறைத் தானே கண்டறிய வேண்டும் என்றது. 1996இல் ஓபிடி இரண்டு என்ற பொது முறை அமெரிக்கா முழுவதற்கும் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட், எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அர்த்தம் தரும் எண்கள். இந்தியாவில் பிஎஸ் நான்கு வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடியின் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப்பைப் பின்பற்றிய மலிவான ப்ளூடூத் டப்பாக்கள் வந்ததும், சின்ன ஷெட்டில் மட்டுமல்ல, வண்டிக்காரரின் செல்போனிலும் எண் தெரிய ஆரம்பித்தது.

பி0016க்கு சென்சாரை மாற்றிப் பணத்தைத் தொலைக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. சிக்னல் வரவில்லை என்றால் அதற்குத் தனி எண்கள் உண்டு: கிராங்குக்கு பி0335, கேமுக்கு பி0340. பி0016 வந்தால் பெரும்பாலும் இரண்டு சென்சாரும் பேசுகின்றன, பேச்சுதான் ஒத்துப்போகவில்லை. எனவே தேட வேண்டியது வேறு இடத்தில்.

முதல் இடம் ஆயில். இன்றைய குடும்பக் கார்களில் பெரும்பாலானவற்றில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி உண்டு. கேம் சக்கரத்தை முன்னும் பின்னும் திருப்புவது இஞ்சின் ஆயிலின் அழுத்தம். அதை அனுப்பும் ஆயில் கண்ட்ரோல் வால்வின் வழியில் பல இஞ்சின்களில் ஒரு சின்னச் சல்லடை இருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் கரிப்பசை அப்பியிருப்பது தெரியும். ஐடிலிங்கிலேயே மணிக்கணக்கில் நிற்கும் வண்டியில் கிலோமீட்டர் ஏறாது, ஆயில் மட்டும் கெடும். மீட்டரை மட்டும் நம்பி ஆயில் மாற்றுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. ஆயில், சல்லடை, வால்வு மூன்றும் சரியென்றால்தான் செயின் நீட்சி, டென்ஷனர், கைடு என்று கவரைக் கழற்ற வேண்டும். அண்மையில் யாராவது பெல்ட் மாற்றியிருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கவரைக் கழற்றியதும் செய்யும் முதல் வேலை, ஒன்றாம் நம்பர் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து குறிகளைப் பொருத்திப் பார்ப்பது. ஹேண்டிலுக்குப் பதில் ராட்செட் ஸ்பேனர், கட்டைவிரலுக்குப் பதில் கிராங்க் போல்ட்டில் கவனம். அம்பாசடர் காலத்துக் கைகள் இதைச் சொல்லித்தராமலே செய்கின்றன. வசதியுள்ள ஷெட்டில் ஆசிலோஸ்கோப் இருந்தால் இரண்டு சென்சாரின் அலைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, கவரைத் திறக்காமலே எத்தனை டிகிரி விலகல் என்று பார்த்துவிடலாம்.

எண்ணை அழிப்பதற்கு முன் இன்னொன்றைப் படிக்க வேண்டும். கோளாறு பதிவான கணத்தில் இஞ்சின் எத்தனை ஆர்பிஎம், கூலன்ட் எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்பதைக் கம்ப்யூட்டர் சேர்த்தே குறித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அழித்தால் எண்ணோடு அதுவும் போய்விடும். கூலன்ட் குளிர்ந்திருந்தபோது விழுந்த எண் என்றால், ராத்திரி முழுவதும் நின்று காலையில் கிளப்பும்போதுதான் மறுபடி விழும். வேலை முடிந்து செங்கம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாலும் சாயங்காலம் அது வராது. அதனால்தான் வெளியூர் வண்டியை ஒரு ராத்திரி ஷெட்டிலேயே விடச் சொல்கிறார்கள், காலையில் தாங்களே வந்து முதல் சாவி போட.