பேரேட்டின் பாரம்

சென்னை அர்பத்நாட் கம்பெனியின் லண்டன் பங்குதாரர் மக்ஃபாடியன், 1906 அக்டோபர் 20இல் ரயில் முன் பாய்ந்து இறந்தார். இரண்டு நாளில் கம்பெனி கதவை மூடிற்று. ஆயிரக்கணக்கானோர் போட்டுவைத்த பணம் போயிற்று. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். ஒரு தற்கொலை, ஒரு சிறை. நம் ஞாபகத்தில் விவகாரம் பைசலாகிவிட்டது.

காஞ்சிபுரத்தில் வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இந்தப் பைசல் போதவில்லை. திவாலான கம்பெனி வருஷக்கணக்கில் நாணயஸ்தனாக நடமாட ஓரிருவர் போதாது. பேரேடு எழுதுகிறவன், கூட்டிப் பார்க்கிறவன், சந்தேகம் தட்டியும் சம்பளத்தை நினைத்து வாய்மூடுகிறவன் எல்லோரும் வேண்டும்.

எங்கள் பக்கத்து உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), கணக்குக் காட்டாத வாரியத்தாரோடு அவர்களுடைய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்குகின்றன. ரத்த உறவைக் குற்றத்தில் சேர்த்தது அநியாயம். ஆனால் மோசடி தனியொருவன் காரியமல்ல என்கிற பிரக்ஞை அதில் இருக்கிறது. நாம் அநியாயத்தைக் களைந்தோம். பிரக்ஞையும் கூடவே போயிற்று. உறவினர் இருந்த இடத்தில் பக்கத்து மேஜைக்காரனை வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மக்ஃபாடியனைத் தண்டவாளத்துக்குத் தள்ளிய பாரத்தில் அவன் பங்கு எவ்வளவு என்பது எந்தப் பேரேட்டிலும் பற்று எழுதப்படாமலே நிற்கிறது.