ஸ்லைடு வராததால் வந்த வைப்ரேட்டோ

எலக்ட்ரிக் கிட்டாரில் அழுத்திய சுரத்தை விரலாலேயே நடுங்க வைப்பது வைப்ரேட்டோ. இதைப் பழகுறவங்க பெரும்பாலும் பி.பி. கிங்கிடம்தான் போய் நிற்பாங்க. அவருக்கு அது எப்படி வந்தது? வேறொன்று வராததால் வந்தது.

1946-இல் மிசிசிப்பியிலிருந்து மெம்பிஸுக்குப் போனவர், அம்மா வழிச் சொந்தமான புக்கா வைட் வீட்டில் தங்கினார். புக்கா ஸ்லைடு வாசிப்பதில் கில்லாடி. கம்பிமேல் குழாயை வழுக்கி நகர்த்தினால் சுரம் மனுசக் குரல் மாதிரி நெளியும். கிங்குக்கு அது பிடிபடவே இல்லை. சரி, அந்த நெளிவை வெறும் விரலில் கொண்டுவருவோம்னு முயன்றார். அவரே பேட்டிகளில் சொன்னதுதான் இது.

அவர் இடது கையைக் கவனிச்சுப் பாருங்க. கட்டைவிரல் கிட்டார் கழுத்தை விட்டு விலகியிருக்கும். ஆள்காட்டி விரல் கம்பியில் ஊன்றியிருக்க, மணிக்கட்டு சுழலும். மற்ற விரல்கள் பட்டாம்பூச்சிச் சிறகு மாதிரி படபடக்கும். நான் ஆறு மாசம் விரலை மட்டும் ஆட்டிக்கிட்டிருந்தேன். வலிதான் மிச்சம்!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்லைடு சுரத்துக்கு மேலேயும் போகும், கீழேயும் போகும். விரலால் கம்பியை வளைத்தாலோ சுருதி ஏற மட்டும்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் தொடங்கிய இடத்துக்கே இறங்கி வரணும். வரலைன்னா அபஸ்வரம்தான்.